டப்பா, மூடி, கலைவாணி

சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தனியாகப் போகும்போதெல்லாம் கலைவாணி சந்திரகிரியில் இறங்கிவிடுவாள். அங்கே அவளுக்கு எந்த வேலையும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. கோட்டையைப் பார்க்கவும் அவள் இறங்கியதில்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்து "எக்கடிக்கம்மா?" என்று ஊர்ப் பேர் கேட்கும்போது திருப்பதி என்கிற பேர் அவள் வாயில் வராது. முதல் எழுத்தே பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சந்திரகிரி மட்டும் எப்படியோ வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் சந்திரகிரிக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு திருப்பதி போவாள். ஷேர் ஆட்டோ எல்லாம் திருப்பதிக்குத்தான் போகும், வாயைத் திறக்கவே வேண்டாம். பெண்களுக்கு பஸ் இலவசம் ஆன பிறகும் இதே கதைதான். காசு வேண்டாம், ஆனால் ஊர்ப் பேரைச் சொல்லாமல் டிக்கெட் வராது.

அவள் ஊர் சித்தூருக்குத் தெற்கே, வேலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இரண்டிலும் அவளுக்குத் திக்கும். பள்ளிக்கூடத்தில் அவளை நத்தி என்றார்கள், ஊரில் திக்குவாய் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். பேச்சுக்கு ஒரு சாமி இருக்கிறதே, அந்தச் சாமியின் பேரைப் பார்த்து வைத்தாயே என்று அவள் அப்பாவை, நைனா என்று அவள் கூப்பிடும் கங்கையாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் பதில் சொன்னதில்லை. அந்த வீட்டில் பேசுவதெல்லாம் அம்மா கன்னியம்மாள்தான். கடையில் கலைவாணிக்கு என்ன வேண்டும் என்று அம்மா சொல்வாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அம்மா சொல்வாள். ஊருக்கு வந்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பும் நாளில் அம்மா சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தால் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்குத் திருப்பதி ஒண்ணு குடு நைனா" என்று கண்டக்டருக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அம்மா வராத நாளில் சந்திரகிரி.

திருப்பதியில் கலைவாணிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. இண்டர், அதாவது பிளஸ் டூ, முடித்ததும் சேர்ந்தாள், ஆறு வருஷம் ஆகிவிட்டது. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ரூமைக் காலி செய்த அரைமணி நேரத்தில் அடுத்தவர்கள் வந்துவிடுவார்கள். பேச நேரம் இல்லாத வேலை, அதுவே அவளுக்கு வசதியாக இருந்தது. அதே ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தவள் பிரீத்தி. கன்னட எல்லையை ஒட்டியிருக்கும் குப்பம் ஊர்க்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவாள். தூக்கத்திலும் பேசுவாள் என்பது அவளோடு ஒரே ரூமில் தங்கியிருந்த கலைவாணிக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று. கலைவாணிக்கு ஒரு வார்த்தை நின்றுவிட்டால் பிரீத்தி அதை முடித்துக் கொடுக்க மாட்டாள். அது வரும்வரை காத்திருப்பாள். அவள் வாய் சும்மா இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

இவர்கள் இரண்டு பேரும் மதியம் ஹோட்டல் மாடியில், காய்கிற பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கேதான் டப்பாவும் மூடியும் கலைவாணிக்கு அறிமுகமானார்கள்.

டப்பா, மூடி என்பது மேஜிக் செய்யும் இரண்டு பேருடைய மேடைப் பேர். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்தே மேடை ஏறுகிறார்கள். இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷனில், காலேஜ் விழாவில், டிவியில் அவர்களைப் பார்க்கலாம். டப்பா குண்டாக இருப்பார், ஓயாமல் பேசுவார், எல்லாவற்றையும் தப்பாகச் செய்வார். மூடி ஒல்லி. ஒரு வார்த்தை பேசமாட்டார். டப்பா சொதப்பிய இடத்தில் மேஜிக்கை நடத்திக் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பார். ஜனங்கள் டப்பாவின் பேச்சுக்குச் சிரிப்பார்கள், மூடியின் முகத்துக்கு அதைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். பிரீத்தி அந்த வீடியோவை முதலில் போட்டபோது கலைவாணி கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. பேசாத ஒருத்தனைப் பார்த்து ஆயிரம் பேர் கை தட்டுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

யாரோ ஒரு ரசிகர் அந்த இரண்டு பேருடைய பழைய டிவி நிகழ்ச்சிகளையெல்லாம் கேசட்டிலிருந்து எடுத்து யூட்யூபில் ஏற்றிக்கொண்டே இருந்தார். இவர்கள் புதியதில் தொடங்கிப் பழையதை நோக்கிப் போனார்கள். வருஷம் பின்னால் போகப் போக டப்பாவின் தொப்பை குறைந்தது, மீசை பெரியதானது, படத்தில் கோடுகள் ஓடின. மூடி மட்டும் எந்த வருஷத்திலும் வாய் திறக்கவில்லை.

அவர்களுடைய பழைய ஐட்டம் ஒன்று கயிறு வெட்டுவது. டப்பா ஒரு நீளக் கயிற்றை மூடியிடம் கொடுத்து, "நடுவுல பிடி, நான் வெட்டி ஒட்டிக் காட்டுறேன்" என்பார். மூடி பிடிக்க, டப்பா வெட்டுவார். டப்பாவால் ஒட்ட முடியாது. மூடி கயிற்றை ஒரு தடவு தடவி, முழுக் கயிறாக நீட்டுவார். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர்கள் அதை இரண்டாம் தடவை செய்வார்கள். இந்தத் தடவை மூடி கையைத் திறந்தே வைத்திருப்பார். உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டுக் கயிறு ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். வெட்டுப்படுவது அந்தத் துண்டுதான். டப்பா தலையில் அடித்துக்கொண்டு, "டேய், தொழில் ரகசியம்டா" என்று அழுவார். இரண்டாம் தடவை வருகிற கைதட்டல் முதல் தடவையைவிடப் பெரியதாக இருக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் மாடியில் பழகினார்கள். ஒருநாள் பிரீத்தி பேச்சு சுவாரசியத்தில், கலைவாணி கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டு, துணி காயும் கொடிக்கயிற்றை வெட்டிவிட்டாள். ஒரு வரிசை பெட்ஷீட் அப்படியே மாடித் தரையில் விழுந்தது. சூப்பர்வைசர் ரமணா வந்து கத்தினார். கலைவாணி அறுந்த இரண்டு நுனியையும் எடுத்து, ஒரு தடவு தடவி, ஒட்டவில்லையே என்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். கத்திக்கொண்டிருந்த ரமணா சிரித்துவிட்டார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டாஃப் விழாவில் அவர்களை மேடை ஏற்றியதும் அவர்தான்.

மேடையில் பிரீத்தி டப்பா, கலைவாணி மூடி. சமையற்கட்டு ஆட்கள், செக்யூரிட்டி, டிரைவர்கள் எல்லாரும் விசில் அடித்தார்கள். இறங்கி வந்ததும் ரமணா கலைவாணியைப் பாராட்டினார். உனக்குன்னே பண்ணின வேஷம் அது, பேசவே வேண்டாம் பார் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது அவளுக்குள் முள்ளாக நின்றது. என்னால் பேச முடியாது என்பதற்காகத்தான் கை தட்டினார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தாள். மூடிக்கும் அப்படித்தானோ, அவருக்கும் திக்குமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் ஒரு ஆறுதல் வந்தது. மூடி தன் ஆள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அந்த ரசிகர், கிடைத்ததிலேயே மிகப் பழையது என்று எழுதி ஒரு வீடியோ ஏற்றினார். இரண்டு பேரும் முதன்முதலாக டிவியில் வந்த நிகழ்ச்சி. கறுப்புத் திரை, இரண்டு நாற்காலி, ஒரு மைக். டப்பா வணக்கம் சொல்கிறார். பக்கத்திலிருந்த மூடி மைக்கை வாங்கி, தன் பேர், ஊர், என்ன செய்யப் போகிறோம் எல்லாவற்றையும் சொல்கிறார். கீச்சுக் குரல். ஆனால் ஒரு இடத்திலும் திக்கவில்லை. தண்ணீர் மாதிரி பேச்சு.

கலைவாணி போனை அணைத்து பிரீத்தியின் மடியில் போட்டாள். அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஊமை வேஷம் போட்டு முப்பது வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறான் என்று, விட்டு விட்டு, அழுதுகொண்டே சொன்னாள். அதன் பிறகு கொஞ்ச நாள் மாடியில் அவர்கள் கயிற்றைத் தொடவில்லை.

பிரீத்தி விடுகிற ஆள் இல்லை. அதற்கு அடுத்த நிகழ்ச்சியையும் அந்த ரசிகர் ஏற்றியிருந்தார். அதைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து, போனைக் கலைவாணியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அதில் மூடி பேசத் தொடங்குகிறார். பாதி வாக்கியத்தில் டப்பா குறுக்கே விழுந்து எதையோ உளறுகிறார். கூட்டம் சிரிக்கிறது. மூடி திறந்த வாயோடு டப்பாவையே பார்க்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்க்கிறார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு நொடி நிற்கிறார். அப்புறம் மெதுவாக வாயை மூடுகிறார். கூரை இடிந்து விழுகிற மாதிரி கூட்டம் சிரிக்கிறது. அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பேசவில்லை.

"பாத்தியா," என்றாள் பிரீத்தி. "யாரும் அவுர மூடச் சொல்லல. அவுரே மூடிக்கினாரு."

கலைவாணி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மூடி தன் ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இப்போது அவளுக்கு அவர் மேல் கோபம் இல்லை, பொறாமைதான் இருந்தது. வாய் அவருடையது. திறப்பதும் மூடுவதும் அவர் இஷ்டம். தன் வாயை இதுவரை யார் யார் மூடியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். சிரித்தவர்கள் மட்டும் இல்லை. பாவம் என்று முந்திக்கொண்டு பேசியவர்களும் அதில் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

தை மாதம் அம்மா போன் செய்தாள். வரன் வந்திருக்கிறது, உடனே வா என்றாள். பையன் பேர் புருஷோத்தமன். ஸ்ரீசிட்டியில் ஏசி கம்பெனியில் வேலை. ஊர் திருத்தணிப் பக்கம். அவர்களிடம் திக்கும் என்று சொன்னாயா என்று கலைவாணி கேட்டாள். அதைக் கேட்டு முடிக்கவே நேரம் பிடித்தது. அம்மா வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மாவின் ஏற்பாடு தெரிந்தது. அது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. மாப்பிள்ளை வீட்டார் தமிழ்நாட்டுக்காரர்கள். பெண் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், அதனால் தமிழ் பேசக் கூச்சப்படுவாள் என்று அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். தெலுங்கில் கேள்வி கேட்க அவர்களுக்குத் தெரியாது. கேட்டதற்குத் தலையை ஆட்டினால் போதும், கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டு நைனா எழுந்து மாந்தோப்புக்குப் போய்விட்டார். அவர் எதிர்ப்பைக் காட்டும் விதம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். புருஷோத்தமன், அவன் அம்மா சென்னம்மா, கூட நான்கைந்து சொந்தக்காரர்கள். கலைவாணி காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சென்னம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாள். கன்னியம்மாள் முந்திக்கொண்டு, இண்டர், தெலுங்கு மீடியம், தமிழ் பேசக் கூச்சம் என்றாள்.

சென்னம்மா சிரித்தாள். "அதுக்கு இன்னா? எங்கம்மா ஊடு ஒங்க தெலுங்குப் பக்கத்துப் புத்தூருதான். நான் பொறந்து வளந்ததே அங்கதான்." பிறகு கலைவாணியைப் பார்த்து, "தெலுகுலோனே செப்பம்மா" என்று தெலுங்கிலேயே பதில் சொல்லச் சொன்னாள்.

அம்மாவின் முகம் வெளுத்தது. ஆனால் அம்மா தோற்கிறவள் இல்லை. உடனே இன்னொன்றை எடுத்துவிட்டாள். "முந்தா நேத்து ஐசு துன்னுட்டா. தொண்ட கட்டிக்கினு கீது. ரெண்டு நாளா பேச்சே வர்ல."

கலைவாணிக்குச் சிரிப்பு வந்தது. டப்பா சொதப்புவதும், அதைச் சமாளிக்க மேலே மேலே பேசுவதும் அவள் எத்தனை தடவை பார்த்தது. தானும் அம்மாவும் இத்தனை வருஷமாக இதே ஐட்டத்தைத்தான் ஊர் ஊராக நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. உள்ளங்கையில் ஒரு துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு, அது யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே நிற்கிற ஐட்டம். அதை இன்னொரு வீட்டுக்கும் போய் ஆயுசு முழுக்க நடத்த வேண்டும்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தொண்ட கட்டல," என்றாள். "எனக்குத் தி..."

திருப்பதியில் நிற்கிற அதே எழுத்து. பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. சொந்தக்காரர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொல்லி முடிக்க வாயைத் திறந்தாள். கலைவாணி கையை நீட்டி அம்மாவை நிறுத்தினாள். வேறு வார்த்தைக்குத் தாவவும் இல்லை. காபியின் மேல் ஆடை படிந்தது. அவள் சென்னம்மாவின் கண்ணைப் பார்த்தபடியே நின்றாள்.

"...திக்கும். பொ... பொறந்ததுலேர்ந்தே."

சென்னம்மா கெட்டவள் இல்லை. காபியை எடுத்துக் குடித்தாள். பிறகு, கை கால் நன்றாக இருக்கிறது, ஆறு வருஷமாக ஒரே இடத்தில் சம்பாதிக்கிற பெண், எனக்கு இது ஒரு குறையாகப் படவில்லை என்றாள். கன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போது சென்னம்மா இன்னொன்றும் சொன்னாள்.

"எங்க ஜனத்துக்கு மட்டும் தெரிய வோணாம். ரிசப்ஷன்ல மைக்க நீட்டுவானுங்க, நீ வாங்காத. யாரு கேட்டாலும் தொண்ட கட்டிக்கினு கீதுன்னு நானே சொல்லிக்கிறேன். நீ சிரிச்சிக்கினு நின்னா போதும்."

அம்மா அவசரமாகத் தலையை ஆட்டினாள். கலைவாணி புருஷோத்தமனைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவன் போனையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ... நீங்க சொல்லுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொன்னா சரிதான்."

"அப்ப ரெண்டு மூ... மூடிக்கு ஒரு டப்பாதான் கீது," என்றாள் கலைவாணி, அவனையும் தன்னையும் காட்டி. "பத்தாதுங்க."

யாருக்கும் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அடுத்ததை மட்டும் புரிகிற மாதிரி சொன்னாள். அதைச் சொல்ல நேரம் பிடித்தது. நான்கு இடத்தில் நின்றது, ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டி வந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் விடவில்லை. நானாக வாயை மூடிக்கொண்டால் அது வேறு. நீங்கள் மூடச் சொன்னால் நான் பேசுவேன். ரிசப்ஷனில் மைக்கைக் கொடுத்தால் வாங்குவேன். வந்தவர்கள் காத்திருந்து கேட்கட்டும். அது முடியாது என்றால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்.

ஊருக்குப் போய் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டு மாநிலத்திலும் எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பும் வரை பொறுத்திருந்த அம்மா, பிறகு பிடித்துக்கொண்டாள். வீடு தேடி வந்ததை உதைத்துத் தள்ளிவிட்டாயே என்றாள். உன் குறையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்களே, இன்னும் என்ன வேண்டும் என்றாள். கடைசியில் குரல் உடைந்துபோய், "உனக்கோசரந்தானடி நான் வாய் ஓயாம பேசிக்கினு கீறேன்," என்றாள்.

"எனக்கோசரம் பேசு," என்றாள் கலைவாணி. "எ... எனக்குப் பதிலா பேசாத."

அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. நைனா மட்டும் மீந்த கேசரியைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. கலைவாணி தனியாக சித்தூர் வந்து திருப்பதி எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வயதானவர். மிஷினைத் தட்டிக்கொண்டே வந்து, "எக்கடிக்கம்மா?" என்றார்.

சந்திரகிரி நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"தி..." என்றாள்.

கண்டக்டர் காத்திருந்தார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், அவருக்கும் அவசரம். திருச்சானூரா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பின் சீட்டில் மொட்டை போடப் போகிற ஒருவர், திருமலையாக இருக்கும் என்று எடுத்துக் கொடுத்தார். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள். அந்தப் பக்கத்தில் எல்லா ஊரும் அந்த எழுத்தில்தான் தொடங்கித் தொலைக்கின்றன. இன்னொருவர் திருத்தணியா என்றார். கலைவாணிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை என்று விரலை ஆட்டிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"தி... தி... திருப்பதி."

மிஷின் கிர்ரென்று டிக்கெட்டைத் துப்பியது. அவள் அதில் அச்சாகியிருந்த பேரைப் பார்த்துவிட்டு மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சந்திரகிரியில் பஸ் நின்றது. வழக்கமாக அவளை ஏற்றிக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோக்காரர் ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து, இறங்கவில்லையா, ஆட்டோவில் ஒரு சீட் இருக்கிறது, எங்கே போகிறாய் என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல அவளால் முடியும். சொல்லவில்லை. மெதுவாக வாயை மூடிக்கொண்டு, மூடி மாதிரி அவரைப் பார்த்தாள். அவர் சிரித்தார். பஸ் கிளம்பியது.